மலைநாட்டுச் சபையும் குடும்ப ஏடும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடிச் செல்வர். அரண்மனையும் கோட்டையும் எழாத மலைச்சரிவுகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் எங்கே செல்வது? பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதியாகவும் ஆனைமலையாகவும் எழுந்து, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு என்று நீண்டு, முண்டக்கயத்துப் பள்ளத்தாக்கில் இறங்கும் மேற்கு மலைத்தொடரை நேயர்கள் அறிவர். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்நிலப்பகுதியில் எளிய மக்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் பழைய ஏடுகள் மிகச் சில. அவற்றுள் கிறிஸ்தவ ஆலயங்களின் பதிவேடுகளும் அடங்கும்.

ஆலயத்துக் குருவானவர் எழுதிவைக்கும் ஏடுகள் பல. அவற்றுள் தலையாயவை மூன்று: ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. பிறப்பு, மணம், இறப்பு என்னும் மூன்று வாயில்களிலும் குரு நின்று ஒவ்வொரு குடும்பத்தையும் கண்டு, பெயரும் நாளும் எழுதுகிறார். அவருடைய பிரசங்கங்கள் அன்றே காற்றோடு கலந்து போகலாம். ஆனால் அவர் எழுதிய அந்த வரி நிற்கிறது. மலைநாட்டுச் சபைகளின் கதையை இந்த ஏடுகளின் வழியே நோக்கினால், அது சமயக் கோட்பாடுகளின் கதையாக மட்டும் தோன்றாமல் குடும்பங்களின் கதையாகவும் தோன்றுகிறது. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

முதற்கண் ஒரு சொல்லைப் பார்ப்போம். பாலக்காட்டில் 'ஐயர்' என்றால் அக்கிரகாரத்துப் பெருமக்களையே குறிக்கும். திருநெல்வேலிப் புரொட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர் நாவிலோ 'ஐயர்' என்பது சபைக்குருவைக் குறிக்கும். போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்பன தமிழுலகம் நன்கறிந்த வழக்குகள். குருவின் மனைவி 'ஐயரம்மா'. மலையாளம் பேசும் கிறிஸ்தவரோ குருவை 'அச்சன்' என்பர். தந்தை என்பது அதன் பொருள். எந்த மொழியில் அழைத்தாலும் குருவை மக்கள் குடும்ப உறவுக்குள் வைத்தே அழைத்தார்கள் என்பது கருதத்தக்கது. அதிகாரியை அழைப்பதுபோல் அவரை அழைக்கவில்லை.

இம்மலைச் சபைகளின் தொடக்கத்தைத் தேடினால் நாம் தஞ்சாவூருக்கும் தரங்கம்பாடிக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. 1737-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியக் குரு யோகான் பல்தசார் கோலாப் என்பவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே பணிபுரிந்து 1790-இல் மறைந்தார். அவர் மகன் ஜான் காஸ்பர் கோலாப் 1762-இல் பிறந்து, தஞ்சையில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்தார். சரபோஜி மன்னரைக் காத்து வளர்த்த அதே சுவார்ட்ஸ்தான் அவர். 1787-ஆம் ஆண்டில் தந்தையின் ஐம்பதாண்டுப் பணியைக் கொண்டாடிய வேளையில் மகனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது, அளித்தவர் சுவார்ட்ஸ். தந்தையின் தொழிலை மகன் ஏற்பது நம் நாட்டில் புதுமையன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த சமயப்பணியும் இந்நாட்டு மண்ணில் குலத்தொழில்போல் வேர்விட்டது என்பதே நாம் காணத்தக்கது.

தஞ்சையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று தெற்கே சென்றது. சுவார்ட்ஸ் 1790-இல் சத்தியநாதன் என்னும் தமிழருக்குக் குருப்பட்டம் அளித்துப் பாளையங்கோட்டைப் பகுதிக்கு அனுப்பினார். அங்கு ஏற்கெனவே குளோரிந்தா அம்மையார் எழுப்பிய சிற்றாலயம் இருந்தது. அவ்விதை முளைத்துப் பின்னாளில் திருநெல்வேலிச் சபைகளாகப் பெருகிற்று. மற்றொரு பாதை மேற்கே மலைகடந்து சென்றது. அப்பாதையில் சென்றவர் குருவும் அல்லர், ஆடவரும் அல்லர். ஜான் காஸ்பர் கோலாப்பின் மகளான அமீலியா டொரத்தியா அம்மையார் 1818-இல் ஹென்றி பேக்கர் என்னும் ஆங்கிலக் குருவை மணந்து, பின்னர் கணவருடன் கோட்டயத்திற்குச் சென்றார்.

அக்காலத்துக் கோட்டயத்தில் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மூவர் பணிசெய்தனர். பெஞ்சமின் பெய்லி மலையாளத்தில் திருமறையை மொழிபெயர்த்தார், அச்சகம் நிறுவினார், 1846-இல் மலையாள அகராதியை வெளியிட்டார். ஜோசப் ஃபென் கல்லூரியைக் கவனித்தார். ஹென்றி பேக்கர் ஊர்தோறும் சென்று பள்ளிகளையும் சபைகளையும் மேற்பார்த்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் பெய்லியின் உழைப்பு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. எனினும் அவருடைய அச்சுநூலைப் படிக்கப் பெண்மக்கள் வேண்டுமல்லவா? அதற்குரிய பணியை அமீலியா அம்மையார் மேற்கொண்டார்.

கோட்டயம் சேர்ந்த சிறிது காலத்திலேயே அவர் தம் இல்லத்தில் சிறுமியரைச் சேர்த்துக் கற்பித்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. வாசிப்பு, தையல், இல்லறப் பயிற்சி ஆகியவற்றை ஒரு குடும்பத்தின் நடுவில் வைத்துக் கற்பித்தமையால், அது பள்ளி என்பதைவிடப் பெரிய வீடு என்றே தோன்றியிருக்கும். 1866-இல் கணவர் மறைந்தார். அம்மையாரோ அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோட்டயத்திலேயே பணியைத் தொடர்ந்து, 1888-இல் கண்மூடினார். அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பேக்கர் பள்ளி இன்றும் கோட்டயத்தில் உள்ளது.

சபை வரலாறுகளைப் புரட்டினால் குருப்பட்டம் பெற்றோர் வரிசை நீளமாகக் கிடைக்கும். ஐயரம்மாக்களின் வரிசையைக் காண்பது அரிது. நோயாளியின் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பியவர், பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்றவர், கணவன் மனைவி பிணக்கைக் குருவுக்கும் முன்பே கேட்டறிந்தவர், மாற்றல் ஆணை வந்தபோதெல்லாம் பாத்திரம் பண்டங்களைக் கட்டி அடுத்த ஊருக்குப் புறப்பட்டவர் அவரே. ஊதியப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்குக் குருப்பட்டம் வழங்கியது 1976-இல்தான். பெண் ஒருவர் பேராயரானது 2013-இல். அமீலியா அம்மையார் தஞ்சையைவிட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் முன்னதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இனி அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு வருவோம். அமீலியாவின் மகன் ஹென்றி பேக்கர், தந்தையின் பெயரையே தாங்கியவர், 1819-இல் பிறந்து இங்கிலாந்தில் கல்விகற்றுத் திரும்பி, கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பணியாற்றிவந்தார். 1848-ஆம் ஆண்டளவில் மலைமேலிருந்து ஐந்து ஊர்த்தலைவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்கள் மலை அரயர் என்னும் பழங்குடியினர். மலையில் காடு திருத்திப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். தங்கள் ஊரில் பள்ளி அமைத்துக் கற்பிக்க வேண்டுமென்று கேட்டனர். அவருக்குக் கீழ்நாட்டிலேயே ஓய்வொழிவற்ற வேலை. காய்ச்சலுக்குப் பேர்போன மலைக்குச் செல்வதும் எளிதன்று. அவர் உடனே இசையவில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் வந்தார்கள்.

அவர்கள் வருகைக்குக் காரணம் இல்லாமலில்லை. மலைவாசிகளின் வாழ்வு வெளியார் நினைப்பதுபோல் கட்டற்ற வாழ்வாக இருக்கவில்லை. 1883-இல் வெளிவந்த சாமுவேல் மட்டீரின் நூல் அவர்கள் சுமந்த வரிகளைக் கூறுகிறது. பூஞ்சாற்று அரசரின் ஆட்சிக்குட்பட்ட மலை அரயர், உழைக்கும் வயதை எட்டியதும் மாதந்தோறும் தலைக்கு இரண்டு சக்கரம் தலைவரி செலுத்தினர். அதே அளவு முகங்காண் பணமும் கொடுத்தனர். காய்கனிகளும் ஊழிய வேலையும் இவற்றுக்கு மேற்பட்டவை. எழுத்தறியாதவனுக்குக் கணக்கும் தெரியாது. கணக்குத் தெரியாதவனிடம் யாரும் எதையும் வாங்கிச் செல்லலாம். பள்ளி வேண்டும் என்ற கோரிக்கைக்குள் இந்தத் துன்பமும் அடங்கியிருந்தது.

ஆயினும் அவர்கள் கேட்டது பள்ளியை மட்டுமன்று. பேக்கர் பின்னாளில் எழுதிய குறிப்பில், அத்தலைவர்களுள் ஒருவர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் தம் குடும்பத்தார் இன்னின்னார் மாண்டனர் என்று சொல்லி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதாகச் செய்தி உண்டு. வரியைப் பற்றிய கேள்விக்கு அரசாங்கம் விடை சொல்லலாம். இந்தக் கேள்விக்கு எந்தக் கச்சேரியிலும் விடை கிடையாது. இதனைச் சமயக் கேள்வி என்று சொல்லலாம். குடும்பக் கேள்வி என்றும் சொல்லலாம்.

மலை அரயர் தங்கள் முன்னோரை மறந்தவர்கள் அல்லர் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். இறந்தவருக்காகச் சிறு கற்பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல் ஓர் அறை அமைப்பார்கள். உடலைப் புதைக்கும் வேளையில் இறந்தவரின் ஆவி ஒரு பித்தளை அல்லது வெள்ளிப் படிமத்தில் புகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வறியவராயின் வழுவழுப்பான நீண்ட கல்லே போதும். பாலும் அரிசியும் கள்ளும் நெய்யும் படைத்து, படிமத்தை அறைக்குள் வைத்து மூடுவார்கள். ஆண்டுதோறும் படையல் உண்டு. நம் நாட்டு நடுகல் வழிபாட்டையும் நீத்தார் கடனையும் அறிந்தவர்களுக்கு இது அயலானதாகத் தோன்றாது. குடும்பம் என்பது உயிரோடிருப்பவர் மட்டுமல்லர், போனவர்களும்தான் என்பது அதன் உட்கருத்து.

1849-ஐ ஒட்டி முண்டக்கயத்தில் பேக்கரின் மலைப்பணி தொடங்கியது. பள்ளிகள் எழுந்தன, ஆலயங்களும் எழுந்தன. அவர் அம்மக்களைப் பற்றி எழுதிய நூல் 1862-இல் இலண்டனில் வெளிவந்தது. 1878-இல் அவர் மறைந்தார். அங்கே மக்கள் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் சேர்ந்தே வந்தனர் என்பது மலைச்சபையின் தனித்தன்மை. உறவு முறியவில்லை, கொள்வினை கொடுப்பினைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆயினும் விலை கொடுக்கப்படாமலும் இல்லை. புதிய நம்பிக்கையை ஏற்றவர் முன்னோரின் கல்லறைப் பெட்டிகளையும் படிமங்களையும் கைவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டனர். இறந்தோர் எங்கே என்று கேட்டு வந்தவர்கள், அவர்களைத் தாங்கள் வைத்திருந்த இடத்தை இழக்க நேர்ந்தது. மலை அரயருள் ஒரு பகுதியினர் பழைய வழிபாட்டிலேயே நின்றனர். அன்றுமுதல் ஒரே குலம் இரு வழிபாட்டு முறைகளுடன் வாழ்ந்து வருகிறது. இவ்விழப்பையும் வரலாறு எழுதுவோர் குறித்துவைத்தல் கடமை.

இதே காலத்தில் மலைத்தொடரின் வடபுறத்தில் வேறொரு முறை நிலவியது. மலபாரில் பணிபுரிந்த பாசல் மிஷன் 1858-இல் பாலக்காட்டில் நிலைகொண்டது. அங்கே சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் தனித்தனியாக வந்தவர்கள். தனியாக வந்தவனுக்கு முதலில் பறிபோவது வீடு. சமயம் மாறியதால் பரம்பரைச் சொத்துரிமை போகாது என்று 1850-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் விதித்தது உண்மையே. ஆனால் சட்டம் சொத்தைக் காக்கலாம். தாயின் அடுக்களையில் இலை போடச் சொல்ல அதனால் இயலாது. ஆகவே பாசல் மிஷன் தன் மக்களுக்கு நெசவாலைகளையும் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நடத்தியது. அவற்றுள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பின்னர் நாடெங்கும் பெயர்பெற்றது. உறவை இழந்தவனுக்குச் சபையே உறவாகவும் முதலாளியாகவும் ஆனது. இதில் பாதுகாப்பும் உண்டு. சார்ந்துநிற்க வேண்டிய நிலையும் உண்டு.

இவ்விரு நிலைக்கும் கீழே மூன்றாவது நிலை ஒன்றிருந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய காலத்தில், அடிமைக் குடும்பங்களில் கணவன் ஓரிடத்திலும் மனைவி வேறிடத்திலும் குழந்தைகள் மற்றோரிடத்திலுமாக விற்கப்பட்டதுண்டு. அடிமைகளை விடுவிக்க வேண்டுமென்று மிஷனரிகள் 1847-இல் மன்னருக்கு விண்ணப்பம் செய்தனர். 1855-ஆம் ஆண்டின் பிரகடனம் அடிமைமுறையை ஒழித்தது. சட்டப்படி விடுதலைபெற்ற அம்மக்களுள் பலர் சபைகளில் சேர்ந்தனர். ஆனால் ஆலயத்துக்குள்ளும் சாதி முற்றாக அவர்களை விட்டு நீங்கவில்லை. தஞ்சைச் சபையிலேயே இவ்வழக்கு மூண்டு, 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பிரிவினையை ஆலயத்திலிருந்து நீக்க ஆணையிட்டதை நாம் அறிவோம். மத்தியத் திருவிதாங்கூரில் பொய்கையில் யோகன்னான் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைகளைவிட்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். தம் மக்களின் வரலாறு எந்த ஏட்டிலும் இல்லையே என்பது அவர் எழுப்பிய முறையீடு. பதிவேடு வைத்திருந்த குருமார் செவிசாய்க்க வேண்டிய முறையீடு அது.

மீண்டும் பூஞ்சாற்றுக்கு வருவோம். மதுரைப் பாண்டியர் வழிவந்தோர் என்று மரபு கூறும் அவ்வரச குடும்பம், 1877-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கண்ணன்தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமைப்பட்டயம் எழுதிக்கொடுத்தது. பரப்பு ஒன்றேகால் இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. 1897-இல் கண்ணன்தேவன் மலை விளைபொருட் கம்பெனி அமைந்தது. காடு அழிந்து தேயிலை பரந்தது. தேயிலைக்கு ஆள் வேண்டும். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறி வந்தவர்களுள் பலர் திருநெல்வேலிச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தினர். தஞ்சையிலிருந்து தெற்கே சென்ற பாதை இவ்வாறு நூறாண்டுக்குப் பின் மலையேறி, மேற்கே சென்ற பாதையைச் சந்தித்தது.

மூணாற்று ஆலயத்தின் தொடக்கமே அடக்கம்தான். கம்பெனியின் பொதுமேலாளராயிருந்த ஹென்றி மான்ஸ்பீல்டு நைட் என்பவரின் மனைவி எலினார் இசபெல் மே, 1894-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், இருபத்துநான்கு வயதில், வாந்திபேதியால் இறந்தார். மலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடமே கல்லறைத் தோட்டமாயிற்று. அதன் அடிவாரத்தில் கிறிஸ்துநாதர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல். ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1911-இல். ஆக, ஆலயம் எழுவதற்கு முன்பே அடக்கப் பதிவேடு தொடங்கிவிட்டது. எலினாருக்குக் கல்லறையும் உண்டு. அதில் பெயரும் உண்டு. அதே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மலையில் மாண்ட தொழிலாளர் பலருக்குக் கல் நாட்டியவர் இல்லை. அவர்களுள் ஏதேனும் ஒரு பெயர் இன்று கிடைக்குமாயின், உபதேசியார் ஒருவர் எழுதிவைத்த வரியிலோ தோட்டத்துப் பேரேட்டிலோதான் கிடைக்க வேண்டும்.

தோட்டத்துச் சபைவாழ்வு துரைமாரின் ஆலயத்தைச் சுற்றி மட்டும் நடக்கவில்லை. குரு ஒருவர் பல எஸ்டேட்டுகளுக்குப் பொறுப்பாயிருப்பார். திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அவர் வரும் நாள் திருநாள். மற்ற நாட்களில் உபதேசியாரே சபைக்குத் துணை. லயத்து வீட்டின் ஓரறையில் விளக்கேற்றி, கீர்த்தனை பாடி, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். உலை வைக்குமுன் பெண்கள் ஒருபிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். பிடியரிசி என்று தமிழிலும் பிடியரி என்று மலையாளத்திலும் வழங்கும் இவ்வழக்கம் இருமொழிச் சபையாருக்கும் பொதுவானது. காணிக்கைப் பெட்டியைவிட அடுக்களைப் பானையே சபையைத் தாங்கிற்று என்றால் மிகையாகாது.

இக்குடும்பங்களுக்கு ஒரு நிலையான கவலை உண்டு. லயத்து வீடு கம்பெனிக்கு உரியது. வேலைக்கு ஆள் இருக்கும் வரையில்தான் வீடு. ஓய்வு பெற்றதும் இறங்க வேண்டும். ஆகவே மகனோ மகளோ ஒருவர் தேயிலையில் நிற்க வேண்டும். அல்லது தாயும் தந்தையும் எப்போதோ விட்டுவந்த சீமைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்யும் குரு, படித்த பிள்ளை மலையைவிட்டுப் போனால் பெற்றோர் எங்கே தங்குவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார். குடும்பத்தைப் பற்றிய போதனை எளிது; நிலமும் வீடும் இல்லாத குடும்பத்துக்குப் போதிப்பது எளிதன்று.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென்னிந்தியத் திருச்சபை அமைந்து, பற்பல மிஷன்களின் வழியில் வந்த சபைகள் ஒன்றாயின. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. மலை அரயர் சபைகள் மிகுந்த பகுதிக்கு 1983-இல் மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்டு தனிப் பேராயம் அமைந்தது. மூணாற்றுக் கிறிஸ்துநாதர் ஆலயத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வழிபாடு நடக்கிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் விழவில்லை.

ஆனால் ஏட்டில் விழுந்த எழுத்துக்கு இன்னொரு வலிமையும் வந்து சேர்ந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைகளின்படி பழங்குடியினர் எச்சமயத்தைத் தழுவினும் பழங்குடியினரே. பட்டியல் சாதியினருக்கு அவ்வாறில்லை. தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டும் இருந்த அவ்வுரிமை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. எனவே முண்டக்கயத்து மலை அரயக் கிறிஸ்தவருக்கு ஒரு சட்டநிலை. மூணாற்றுத் தேயிலையில் நிற்கும் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவத் தமிழருக்கு மற்றொரு நிலை. ஒரே திருவிருந்தில் பங்குகொள்வோர் ஒரே அலுவலகத்துச் சாளரத்தின்முன் வேறு வேறாகிறார்கள். தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தல் வழக்கொன்றில் சபையின் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் சான்றாக நீதிமன்றம் ஏறின. 2023-இல் உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அவ்வழக்கின் அரசியல் நம் பொருளன்று. அன்பின் அடையாளமாகக் குரு எழுதிய வரி, ஒரு குடும்பத்தின் உரிமையை அளக்கும் கோலாகவும் மாறக்கூடும் என்பதே நாம் கருத வேண்டியது. பதிவேட்டை எழுதும் கைக்கு உண்மையும் கவனமும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். கயத்தாறுப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் பல. சில குடும்பங்களில் பெயர் சொல்லவும் ஆளில்லை. உடல் கிடைக்காதவர்களும் உண்டு. கிடைத்தவர்களை அம்மலையிலேயே அருகருகே அடக்கம் செய்தனர். சமயம் பார்த்து மண் சரியவில்லை. அடக்கத்தில் நின்றவர்களும் சமயம் பார்த்து அழவில்லை.

1848-இல் ஐந்து தலைவர்கள் கேட்ட கேள்வி மலையில் இன்னும் நிற்கிறது. போனவர்கள் எங்கே என்று கேட்டவனுக்குச் சமயம் தன் விடையைச் சொல்லும். அவரவர் நம்பிக்கைக்கேற்ப அதனை ஏற்பர். அவ்விடையோடு குருவின் கடமை முடிந்துவிடுவதில்லை. இருப்பவர்கள் எங்கே வாழ்வது, பிள்ளைகள் என்ன படிப்பது, முதியவர் எந்தக் கூரையின்கீழ் இருப்பது என்பனவும் அதே கேள்வியின் மறுபாதி. தஞ்சையில் வளர்ந்து கோட்டயத்தில் மறைந்த ஓர் அம்மையார் தம் வீட்டைத் திறந்துவைத்து அதற்கு விடை சொன்னார். அவர் மகன் மலையேறிச் சென்று சொன்னார். பெயர் தெரியாத உபதேசியார்கள் லயத்து விளக்கடியில் சொன்னார்கள். நெல்லியாம்பதி முதல் பீர்மேடு வரை இன்று பணிபுரியும் ஐயரும் அச்சனும், இனி அவர்களோடு நிற்கும் பெண்குருமாரும், தத்தம் ஏட்டில் அடுத்த பெயரை எழுதும்போது, அப்பெயருக்குரிய குடும்பத்தின் வாசலுக்கும் ஒருமுறை சென்று வருவார்களாயின், மலைநாட்டு வரலாற்றின் அடுத்த பக்கம் நன்றாக எழுதப்படும்.